நான்காவது ஆசை

மண்ணாசை, பொன்னாசை, பெண்ணாசை என ஆசைகளை மூன்றாக வகுத்து வைத்தனர் நம் முன்னோர். ஆண்மக்கள் போட்ட கணக்கு அது என்பது வெளிப்படை. இம்மூன்றையும் வென்றவன் துறவி என்பது உலக வழக்கு. ஆயின் மூன்றையும் வாசலிலே களைந்துவிட்டு இறைபணிக்கென உள்ளே நுழையும் ஒருவனுக்காக நான்காவது ஆசை ஒன்று உள்ளேயே காத்திருக்கிறது. அதுவே பதவியாசை. ஊரார் தன்னை மெச்ச வேண்டும், சபையிலே தன் சொல் ஏற வேண்டும், தனக்கு மேலுள்ள இருக்கை தனக்கே கிடைக்க வேண்டும் என்னும் வேட்கை அது. மற்றை ஆசைகள் தத்தம் சொந்த முகத்தோடு வருகின்றன. ஆகவே அவற்றை இன்னவை என்று கண்டுகொள்ளலாம். நான்காவதோ தொண்டின் ஆடையை உடுத்துக்கொண்டு வருகிறது. அதனை உடையவனே அதனை அறியான்.

கிறிஸ்தவ உலகில், சிறப்பாக ஆங்கில மொழியில், இந்த ஆசையைப் பொருளாகக் கொண்ட கதைகள் ஒரு தனி வரிசையாகவே வளர்ந்துள்ளன. போதகர்களும் குருமார்களும் அத்தியட்சர்களுமே அவற்றின் பாத்திரங்கள். பெரியநீலாவணை தொடக்கம் அக்கரைப்பற்று வரை பள்ளிவாசல்களும் கோயில்களும் அடுத்தடுத்து நிற்க, இடையிடையே தேவாலய மணியும் கேட்கும் இக்கரையில் வாழும் நமக்கு அக்கதைகளால் ஆவதென்ன என்று வாசகர் வினவலாம். ஆவது உண்டு. அத்தகைய கதைகளுள் ஒன்று கற்பனையன்று. நம் கிழக்குக் கரையின் கல்வி வரலாற்றோடு பிணைந்த மெய்ந்நிகழ்ச்சி. அதனைக் கூறுமுன் கற்பனைக் கதைகள் சிலவற்றைக் காண்போம்.

கதவைத் திறந்தவன் யார்?

ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் தொடக்கத்தை ஆராய்வோர், கண்டி அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய சரித்திர'த்தை முதல் நாவலாகப் போற்றுவர். 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' வெளிவந்தது. முன்னவர் முஸ்லிம், பின்னவர் கிறிஸ்தவர். இவ்விரு நூல்களுக்கும் முன்னரே, 1856ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் 'காவலப்பன் கதை' என்றொரு சிறு நூலை அச்சிட்டனர். ஹன்னா மோர் என்னும் ஆங்கில அம்மையார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய உருவகக் கதை ஒன்றின் தமிழாக்கம் அது.

கதை எளியது. காட்டின் நடுவே ஒரு கோட்டை. காட்டிலே கள்வர் கூட்டம். கோட்டையின் தலைவன் தன் பணியாளரிடம் அதனை ஒப்படைத்துவிட்டுத் தொலைவு செல்கிறான். எக்காரணங்கொண்டும் கதவைத் திறவாதிருங்கள் என்பதே அவனது கட்டளை. மதில் உயர்ந்தது; தாழ்ப்பாள் உறுதியானது. வெளியிலிருந்து உடைத்து நுழைதல் கள்வர்க்கு இயலாத காரியம். ஆயின் வாயிற்காவலனுக்குப் பேச்சிலே பெருவிருப்பம். கள்வர் தலைவன் முகத்துதியில் வல்லவன். மதிலுக்கு அப்பால் நின்று அவன் இனிமையாகப் பேசுகிறான், இவன் செவிகொடுக்கிறான். கேட்பதிலே என்ன குற்றம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான். ஒருநாட் பேச்சு மறுநாட் பழக்கமாகிறது. இறுதியில் ஓர் இரவு கதவு உள்ளிருந்தே திறக்கப்படுகிறது. கோட்டையும் அழிகிறது, காவலனும் அழிகிறான்.

உள்ளே துணைசெய்வார் இல்லாவிடின் வெளியிலுள்ள கள்வன் வீட்டினுள் நுழைய முடியாது என்பதே அக்கதையின் பொருள். இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கெட்டுப்போனவன் சமையற்காரனோ தோட்டக்காரனோ அல்லன், காவற்பொறுப்பை ஏற்றவன். கோட்டையிலுள்ள அனைவரும் எவனை நம்பி உறங்கினரோ அவனே திறந்துவிட்டான். ஓர் ஊரின் ஆன்மிகப் பொறுப்பை ஏற்கும் ஒருவரின் நிலை இத்தகையது. அவர் இடறினால் அவர் மட்டும் விழுவதில்லை.

சாதுரியமான ஒரு வாதம்

ஜோன் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட 'பரதேசியின் மோட்சப் பிரயாணம்' உலக மொழிகள் பலவற்றிலும் பெயர்க்கப்பட்டது. தமிழில் அதனைத் தழுவிக் காப்பியமாகவே பாடிவிட்டார் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலிச் சீமையில் வைணவ குடும்பத்தில் 1827இல் பிறந்து, பின்னர் கிறிஸ்தவரான அப்பெரியாரின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது.

பனியனின் நூலில், வழியிலே கூடும் நண்பர் சிலர் ஒரு வினாவை எழுப்புகின்றனர். நல்ல போதகர் ஒருவர் சிறு வருவாயுள்ள ஊரிலே இருக்கிறார். பெரிய வருவாயுள்ள இடமொன்று கண்ணுக்குத் தெரிகிறது. அதனைப் பெறும்பொருட்டு அவர் மேலும் ஊக்கமாகப் படிக்கிறார், அடிக்கடி பிரசங்கிக்கிறார், அவ்வூராரின் இயல்புக்கேற்பத் தம் கொள்கை சிலவற்றைத் தளர்த்திக்கொள்கிறார். இதில் தவறென்ன? பண ஆசையே பெயராகப் பெற்ற ஒருவர் விடை கூறுகிறார். பெரிய இடத்தை விரும்புவது முறையானதே; அவ்விருப்பத்தால் அவர் மேலும் படித்தவராகவும் சிறந்த பிரசங்கியாகவும் ஆகிறார்; தம் கருத்தைத் தளர்த்துவது அவரது பணிவையே காட்டுகிறது என்று அடுக்கிச் செல்கிறார். கேட்டிருந்தவர்கள் அனைவரும் மகிழ்ந்து கைகொட்டுகின்றனர்.

இந்த வாதம் எவ்வளவு சாதுரியமானது! இதில் எந்த ஒரு படியும் வெளிப்படையான பாவமன்று. படிப்பது நல்லது. பேசுவது நல்லது. பணிவும் நல்லது. நல்லவை மூன்றையும் கூட்டினால் தீமை எப்படி வரும் என்றே எண்ணத் தோன்றும். யாத்திரிகனாகிய கிறிஸ்தியானோ ஒரே வீச்சில் அவ்வாதத்தை வீழ்த்துகிறான். உலகத்தைப் பெறுவதற்குச் சமயத்தைக் கருவியாக்குபவன், அவ்வுலகத்துக்காகவே ஒருநாள் சமயத்தையும் விற்றுவிடுவான் என்பது அவன் கூற்றின் சாரம். அதற்கு யூதாசையும், தெய்விக வரத்தைப் பணம் கொடுத்து வாங்க முயன்ற மந்திரவாதி சீமோனையும் அவன் சான்று காட்டுகிறான்.

பள்ளிவாசலிற் கேட்ட கதை, ஆங்கில நாவலானது

நம் முஸ்லிம் வாசகர்க்கு அறிமுகமான பெயர் ஒன்றை இங்கே கூறவேண்டும். குர்ஆனின் 59ஆம் அத்தியாயமாகிய சூரத்துல் ஹஷ்ரில் 16ஆம் வசனத்துக்கு விளக்கங் கூறும் உரையாசிரியர் சிலர், பனூ இஸ்ராயீல் மக்களிடையே வாழ்ந்த பர்ஸீஸா என்னும் வணக்கசாலியின் கதையைச் சொல்வர். சகோதரர்கள் சிலர் போருக்குச் செல்கையில் தம் தங்கையை அவருடைய பொறுப்பில் விட்டுச் செல்கின்றனர். அவர் முதலில் மறுக்கிறார், பின்னர் இரங்குகிறார். அப்பெண்ணைத் தனியே ஒரு வீட்டில் இருத்தித் தம் மடத்து வாசலில் உணவு வைக்கிறார். அவள் இவ்வளவு தூரம் நடந்து வந்து எடுத்தால் ஊரார் கண்ணிற் படுவாளே, அவள் வாசலிலேயே வைத்தல் நன்றல்லவா என்று ஷைத்தான் அவர் மனத்தில் ஓதுகிறான். அடுத்து, தனிமையில் வாடும் அவளுக்கு இரண்டொரு வார்த்தை ஆறுதல் சொல்லலாகாதா என்கிறான். இப்படியே படிப்படியாக அவரைப் பெரும்பாவத்திலும், அதனை மறைக்கக் கொலையிலும், தண்டனைக்கு அஞ்சி ஈமானை இழப்பதிலும் கொண்டுபோய் நிறுத்துகிறான்.

முதற்படியை நோக்குங்கள்: அது இரக்கம். இரண்டாம் படி: அது அவளது மானத்தைக் காக்கும் அக்கறை. ஷைத்தான் அந்த வணக்கசாலியிடம் பாவத்தைக் காட்டி அழைக்கவில்லை. நன்மையைக் காட்டியே அழைத்தான்.

இக்கதை கடல் கடந்த வரலாறு வியப்புக்குரியது. 1713இல் இலண்டனில் வெளிவந்த 'கார்டியன்' என்னும் பத்திரிகையில் பர்ஸீஸாவின் கதை ஆங்கிலத்தில் இடம்பெற்றது. அதனைப் படித்த மாத்தியு லூயிஸ் என்னும் இளைஞர் அதையே வித்தாகக் கொண்டு 1796இல் 'துறவி' என்னும் நாவலை வெளியிட்டார். தம் கதைக்கு அதுவே தூண்டுகோல் என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டார். மட்ரிட் நகரத்தில் புகழ்பெற்ற பிரசங்கியான அம்புரோசியோ என்னும் மடாதிபதி அதன் தலைமைப் பாத்திரம். ஊரே திரண்டு வந்து அவரது பிரசங்கத்தைக் கேட்கிறது. பிரசங்கம் முடிந்து தம் அறைக்குள் தனித்திருக்கும்போது, தம்மைப்போல் தூயவர் எவருளர் என்று அவர் தம்மைத் தாமே வியக்கிறார். அவரது வீழ்ச்சி அந்த அறையிலேயே தொடங்கிவிட்டது. பின்னர் வரும் பெண்ணாசையும் பிறவும் அத்தொடக்கத்தின் தொடர்ச்சியே.

தந்தையின் படுக்கையருகே

இவையெல்லாம் உருவகமும் பயங்கரமும் கலந்த கதைகள். 19ஆம் நூற்றாண்டின் நடுவே அந்தனி டிரொலப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் இதே பொருளை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவந்தார். 1857இல் வெளிவந்த 'பார்ச்செஸ்டர் டவர்ஸ்' என்னும் நாவலின் தொடக்கம் மறக்கவொண்ணாதது. முதிய அத்தியட்சர் ஒருவர் மரணப் படுக்கையிற் கிடக்கிறார். அவருடைய மகனும் அதே திருச்சபையில் உயர்நிலைக் குரு. தந்தையின் இடம் தமக்குக் கிடைக்குமென்ற நம்பிக்கை அவருக்குண்டு. ஆயின் அத்தியட்சரை நியமிப்பது அரசாங்கம். இப்போதுள்ள மந்திரிசபையோ கவிழும் தறுவாயில் உள்ளது. தந்தை இன்றே இறந்தால் பதவி மகனுக்கு. சில நாள் பிழைத்திருந்தால் வேறொருவருக்கு.

மகன் கொடியவரல்லர். தந்தையை உண்மையாகவே நேசிப்பவர். அப்படிப்பட்டவர் அப்படுக்கையருகே இருந்துகொண்டு, தந்தையின் உயிர் நீங்க வேண்டுமென்று தாம் விரும்புகிறோமா என்று தம்மையே கேட்கிறார். அக்கேள்வியின் கொடுமை உறைத்ததும் முழந்தாளிட்டு விழுந்து மன்னிப்புக்காக மன்றாடுகிறார். தந்தை அமைதியாக உயிர் நீத்தார். ஆயினும் காலம் கடந்துவிட்டது, மந்திரிசபை மாறிவிட்டது, பதவி வேறொருவருக்குப் போயிற்று. நாவலாசிரியர் அவரை இகழவில்லை. அவ்விடத்தில் நாம் இருந்தால் வேறென்ன எண்ணியிருப்போம் என்று கேட்பதுபோல விட்டுவிடுகிறார்.

அமெரிக்காவிலோ சின்கிளேயர் லூயிஸ் 1927இல் 'எல்மர் கான்ட்ரி' என்னும் நாவலை வெளியிட்டார். குரல்வளமும் தோற்றப் பொலிவும் மட்டுமே முதலாகக் கொண்ட ஒருவன் பிரசங்கியாகி, பொய்யின்மேற் பொய் அடுக்கி உயர்ந்துகொண்டே போகிறான். அமெரிக்காவில் அந்நூல் பெருங் கலகத்தை மூட்டியது. பொஸ்டன் நகரிலே தடையும் செய்யப்பட்டது. அது கூர்மையான நூல். ஆயினும் அதனைப் படிப்பவன், இவனைப்போல் நான் இல்லை என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடலாம். டிரொலப்பின் நாவலை அவ்வாறு மூட முடியாது. இவ்விரு வகைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜோர்ஜ் பெர்னனோஸ் 1936இல் எழுதிய 'கிராமத்துக் குருவானவரின் நாட்குறிப்பு' இதற்கு மறுபக்கம். நோயாளியான இளங்குரு ஒருவர் சிற்றூரிலே பணிசெய்கிறார். ஊரார் அவரை மதிப்பதில்லை. தாம் எதிலும் தோற்றுவிட்டதாகவே அவர் எண்ணுகிறார். பதவியும் புகழும் பெறாமலே இறந்தும் போகிறார். ஆயினும் அவரது சொல் எத்தனை உள்ளங்களை அசைத்தது என்பதை வாசகர் அறிவர். அவர் மட்டும் அறியார். அண்மைக் காலத்தில் சூசன் ஹொவாச் அம்மையார் 1987 தொடக்கம் 1994 வரை வெளியிட்ட ஆறு நாவல்களும், ஆங்கிலத் திருச்சபையின் உயர்நிலைக் குருமார் தம் வெளித்தோற்றத்துக்கும் உள்மனத்துக்கும் இடையே படும் பாட்டையே கூறுகின்றன. அந்த வரிசையில் ஒன்றின் பெயரே 'இறுதிப் பரிசுகள்'.

நம் கரையைத் தொட்ட உண்மைக் கதை

இனி, முன்னர்க் குறிப்பிட்ட மெய்ந்நிகழ்ச்சிக்கு வருவோம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மெதடிஸ்த மிஷன் நிறுவிய பாடசாலைகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாகப் படித்துள்ளனர். அந்த மிஷனை இலங்கைக்கு அனுப்புவதற்கு முதற்காரணராயிருந்தவர் கலாநிதி தோமஸ் கோக். 1747இல் வேல்ஸ் நாட்டிற் பிறந்த செல்வர். ஜோன் உவெஸ்லியின் வலக்கை போன்றவர். தம் செல்வத்தை மிஷன் பணிக்கே செலவிட்டவர். கப்பற் பயணம் உயிருக்கு உலையாயிருந்த அந்நாளில் அத்திலாந்திக் சமுத்திரத்தை 18 முறை கடந்தவர்.

இத்தகைய பெரியாரிடமும் நான்காவது ஆசை இருந்தது. 1784இல் உவெஸ்லி அவரை அமெரிக்க மெதடிஸ்தருக்குக் கண்காணிப்பாளராக நியமித்தார். அமெரிக்காவிலோ சில ஆண்டுகளில் அப்பெயர் 'பிஷப்' என மாறிற்று. உவெஸ்லி மனம் நொந்து, கோக்கின் துணைவரான அஸ்பரிக்கு 1788இல் கடுமையான கடிதம் எழுதினார். தாம் சிறியவராயிருக்க முயல்கையில் அவர்கள் பெரியவராக முயல்கின்றனரே என்பது அக்கடிதத்தின் வருத்தம்.

ஆண்டுகள் கழிந்தன. 1813இல், இந்தியாவுக்கு ஆங்கிலத் திருச்சபையின் அத்தியட்சர் ஒருவரை நியமிக்கும் பேச்சு பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுந்தது. அப்போது கோக், அடிமை வாணிகத்தை எதிர்த்துப் புகழ்பெற்ற வில்பர்போர்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்பதவியைத் தமக்குத் தந்தால் ஆங்கிலத் திருச்சபைக்கே முழுமையாகத் திரும்பிவிடத் தாம் ஆயத்தம் என்பது அதன் கருத்து. பதவியாசை தம்மிடம் அணுவளவும் இருப்பதாகத் தாம் உணரவில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதினார்! அவர் பொய் சொன்னார் என்று நாம் கருதவில்லை. உண்மையாகவே அவர் உணரவில்லை. கதவு திறக்கும் ஓசை காவலனுக்கே கேட்கவில்லை.

விண்ணப்பம் பயன்படவில்லை. கதை இத்தோடு முடிந்திருந்தால் கோக் ஒரு பரிதாபப் பாத்திரமாகவே நின்றிருப்பார். ஆயின் அதே ஆண்டில் அவர், அத்தியட்சர் பதவி இல்லாமலே கிழக்கே செல்லத் துணிந்தார். மெதடிஸ்த மாநாடு செலவுக்கு அஞ்சித் தயங்கியபோது 6,000 பவுண் வரை தம் பொருளிலிருந்து தருவதாகக் கூறினார். ஆண்டு முடிவில் இளம் மிஷனரிமார் ஆறு பேருடன் கப்பலேறினார். 1814 மே மாதம் 3ஆந் திகதி காலையில், இந்து சமுத்திரத்தின் நடுவே, தம் அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். வயது 66. அவரது உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. எந்த நாட்டின் அத்தியட்சராக விரும்பினாரோ அந்நாட்டின் மண்ணை அவர் மிதிக்கவேயில்லை.

தலைவரை இழந்த இளைஞர்களுள் ஐவர் 1814 ஜூன் 29ஆந் திகதி காலியில் இறங்கினர். அவர்களுள் வில்லியம் ஓல்ட் என்பவருக்கு மட்டக்களப்பு ஒதுக்கப்பட்டது. வரும் வழியிலேயே கடலில் மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். தனியராக மட்டக்களப்புக்கு வந்து, தமிழ் கற்று, பாடசாலைகளைத் தொடங்கி, 1815 ஏப்ரல் 1ஆந் திகதி நோயுற்று மறைந்தார். அவர் இங்கே வாழ்ந்தது ஓராண்டுக்கும் குறைவு. பதவி யாதொன்றும் அவரைத் தேடி வரவில்லை. ஆயினும் இன்றும் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வரலாறு அவர் பெயரோடே தொடங்குகிறது.

ஓல்டைப் போற்றிக் கோக்கை இகழ்வது எளிது. அவ்வாறு செய்தல் நேர்மையாகாது. கோக்கின் பொருளும் பிடிவாதமும் இல்லாவிடின் ஓல்ட் இங்கே வந்திரார். பதவியை விரும்பிய அதே நெஞ்சுதான் 66ஆம் வயதிற் கப்பலேறவும் துணிந்தது. ஒரே நிலத்தில் நெல்லும் புல்லும் சேர்ந்தே முளைக்கின்றன. நம் பட்டிப்பளை ஆற்றுப் பாய்ச்சலில் வயல் செய்வோர் இதனை அறிவர்: இளம்பயிராய் இருக்கையில் நெல்லையும் கோரையையும் பிரித்தறியக் கண் பழக வேண்டும். கோக்கின் வாழ்க்கையை எழுதும் ஒரு நல்ல நாவலாசிரியன் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட மாட்டான். சேர்ந்தே வளர்வதைக் காட்டுவான்.

கல்லா, கண்ணாடியா?

சமயக் குருமாரின் குறையைக் கூறும் கதையை இருவிதமாகப் பயன்படுத்தலாம். பிறர்மேல் எறியும் கல்லாக்கலாம். தன் முகம் பார்க்கும் கண்ணாடியாக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் தமிழகத்திற் பணிசெய்த இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை' நாம் சிறு வயதிற் படித்துச் சிரித்த நூல். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவருடன் குதிரை முட்டை வாங்க முயன்ற குருவை யார் மறப்பர்? அதனை இந்துக் குருமாரைப் பழித்த நூலென்று சிலர் கண்டித்தனர். அந்த முனிவரே தம் சமயத்தில் உபதேசியாராகப் பணிபுரிவோர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்று 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலையும் இயற்றினார் என்பதைப் பலர் நினைப்பதில்லை. பிறர் குருவைக் கண்டு நகைக்க ஒரு நூல். தம் குழாத்தைத் திருத்த ஒரு நூல். இரண்டாவதையும் எழுதியதனாலேயே முதலாவதை எழுதும் உரிமை அவருக்கு உண்டாயிற்று என்று கொள்ளலாம்.

ஒவ்வொரு சமயத்திலும் இந்தக் கண்ணாடி உண்டு. திருவள்ளுவர் துறவறவியலிலே 'கூடாவொழுக்கம்' என்று தனி அதிகாரமே வகுத்தார். நம் புராணத்து விசுவாமித்திரரை நினைத்துப் பாருங்கள். மேனகையிடம் அவர் தோற்றது ஒருமுறை. வசிட்டர் வாயால் பிரமரிஷி என்று அழைக்கப்பட வேண்டும் என்னும் ஆசையோ அவரது தவம் முழுவதையும் ஆட்டிப்படைத்தது. இஸ்லாமிய மரபிலும், பதவியைக் கேட்டுப் பெறாதே, கேளாமல் வந்தாற்றான் இறைவனுதவி துணைநிற்கும் என்று நபிகள் நாயகம் தம் தோழர் ஒருவருக்கு அறிவுறுத்தியதாக ஹதீஸ் உண்டு.

இருக்கையை விட்டெழுந்த இருவர்

இவ்வாசையைக் கண்டுகொண்டவர் எவருமிலரா? உளர். இமாம் கஸ்ஸாலி 1091இல் பக்தாத் நகரத்து நிழாமிய்யாக் கலாசாலையின் தலைமை ஆசிரியராக அமர்ந்தார். இஸ்லாமிய உலகில் அதற்கு மேலான கல்விப் பதவி அக்காலத்தில் அரிது. நூற்றுக்கணக்கானோர் அவர் முன் அமர்ந்து பாடங்கேட்டனர். ஆயினும் தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்று அவர் தம் உள்ளத்தைக் கேட்டார். கிடைத்த விடை அவரை நடுங்கச் செய்தது. பேச நாவெழாமல் நோயுற்றார். 1095இல் அனைத்தையும் விட்டு வெளியேறினார். தம் வாழ்க்கை விளக்கமாக அவர் எழுதிய நூலில் இதனை அவரே ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார். பல ஆண்டுகள் கழித்து, 1106இல், நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார். இருக்கை பழையதே போன்றது; அமர்ந்தவர் வேறானவர்.

மற்றவர் நம் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார். கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். இவ்வாறு கோக்கின் பணியும் ஒரு சுற்றிலே அவரை வந்து தொட்டது. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபர் பதவி வகித்தவர், அதனைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் சுவாமி விபுலானந்தரானார். பின்னாளில், 1943இல், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரிடம் வந்தது. அதையும் ஏற்றார். துறவி பதவி ஏற்கலாமா என்று எவரும் வினவவில்லை. ஏனெனில் பதவி அவரிடம் வந்தது. அவர் அதனிடம் போகவில்லை.

இவ்விருவர் வாழ்வும் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. இருக்கையிலே நஞ்சில்லை. கோயிலுக்கு வண்ணக்கர் வேண்டும். பள்ளிவாசலுக்கு நம்பிக்கையாளர் சபை வேண்டும். தேவாலயத்துக்குக் குருவானவர் வேண்டும். பாடசாலைக்கு அதிபர் வேண்டும். ஆற்றலுள்ளோர் எல்லாரும் பதவிக்கு அஞ்சி ஒதுங்கினால் ஆற்றலற்றோரே அங்கே அமர்வர். ஒருமுறை விட்டெழ முடிந்தவனே அதில் அச்சமின்றி அமரத் தக்கவன்.

நம் ஊர்களுக்கு இதனாற் பயன்

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டமே. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோர ஊர்கள் யாவும் பிணக்காடாயின. அன்று கதவு திறந்திருந்த இடமெல்லாம் புகலிடமாயிற்று. உள்ளே வந்தவரை எச்சமயத்தவர் என்று யாரும் கேட்கவில்லை. பின்னர் உதவிப் பொருள்கள் வரத் தொடங்கின. அவற்றோடு பெயர்ப்பலகைகளும் வந்தன. எவர் கையாற் கொடுப்பது, எவர் பெயரை எழுதுவது, படத்தில் முன்வரிசையில் எவர் நிற்பது என்னும் வினாக்கள் தலையெடுத்தன. துயரத்தின் நடுவிலும் நான்காவது ஆசை தன் அலுவலைப் பார்க்கத் தவறுவதில்லை. அப்போதும் அது தொண்டின் ஆடையையே அணிந்திருந்தது.

ஆகவே, மாணவ நண்பர்களே, திருச்சபைக் குருமாரைப் பற்றிய இக்கதைகளைக் கையில் எடுக்கும்போது, இது அவர்கள் வீட்டுக் குப்பை என்று எண்ணிப் படியாதீர்கள். ஒரு சமயத்தார் தம் குறையைத் தாமே எழுதி உலகின் முன் வைப்பது அவர்களது பலவீனத்தைக் காட்டுவதன்று; தம்மையே சோதிக்கும் துணிவைக் காட்டுவது. அண்டை வீட்டார் தம் வீட்டைக் கூட்டும்போது எழும் தூசியைக் கண்டு நகைப்பவன், தன் வீட்டை எப்போது கூட்டினான் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். மௌலவியைப் பற்றி முஸ்லிம் எழுத்தாளரும், கோயில் நிருவாகத்தைப் பற்றி இந்து எழுத்தாளரும், இதே அன்போடும் இதே நேர்மையோடும் எழுத வேண்டும். ஆசிரியரைப் பற்றி ஆசிரியர்களாகிய நாமும் எழுத வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் வரும் நாளில் எங்கள் உள்ளமும் டிரொலப்பின் குருவைப்போல் கணக்குப் போடாமல் இருப்பதில்லை.

கோட்டை மதிலை உயர்த்துவதற்கு நம் ஊர்களில் ஆட்கள் நிரம்ப உளர். வெளியே நிற்கும் கள்வன் இன்னான் என்று சுட்டிக்காட்டுவதற்கும் ஆட்கள் உளர். தாழ்ப்பாளின்மேல் இருக்கும் தன் கையை ஒருமுறை குனிந்து பார்ப்பவர் சிலரே. அச்சிலரின் தொகை ஒன்றிரண்டு கூடுமாயின், அதுவே இக்கதைகளைப் படித்ததன் பயனாகும்.